ஹார்னஸ் முதல், ரூம் அப்புறம்: செவந்தியோடு நீலகிரியில் 4 வருடம்

நாயோடு மலைக்குப் போக நினைப்பவர்கள் முதலில் ரூம் தேடுவார்கள். நான் ஹார்னஸிலிருந்து, அதாவது நாயின் மார்பைச் சுற்றி மாட்டும் பட்டையிலிருந்து, ஆரம்பிக்கச் சொல்வேன். கோவையிலிருந்து மேட்டுப்பாளையம், குன்னூர், ஊட்டி, திரும்பும்போது கோத்தகிரி என்று 4 வருடத்தில் 9 முறை எங்கள் செவந்தி காரில் வந்திருக்கிறாள். சிப்பிப்பாறை என்ற நாட்டு நாய் இனத்தின் கலப்பு, ஆரம்பத்தில் 18 கிலோ.

முதல் தடவை கழுத்துப்பட்டையிலேயே கயிற்றை மாட்டி, பின்சீட்டில் கட்டிவிட்டேன். பர்லியாறு தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் அகலமாகத் திரும்ப, வீட்டுக்காரர் பிரேக் அடித்தார். பின்னாலிருந்து இருமல் போல ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் கயிறு கழுத்தை இறுக்க, இரண்டு சீட்டுக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருந்தாள். வண்டியை ஓரங்கட்டி, அவள் மூச்சு சீராகும்வரை மடியில் வைத்திருந்தேன். அன்று குன்னூரோடு திரும்பிவிட்டோம்.

அப்புறம் வாங்கியதுதான் இந்த ஹார்னஸ். மார்பைச் சுற்றி வரும்; முதுகில் இரும்பு வளையம். அந்த வளையத்தையும் சீட் பெல்ட் மாட்டும் இடத்தையும் ஒரு குட்டைப் பட்டை இணைக்கிறது. நாய் உட்காரலாம், சுருண்டு படுக்கலாம், முன்சீட்டை மட்டும் எட்டக்கூடாது. பட்டையின் நீளம் அவ்வளவு இருந்தால் போதும். எலாஸ்டிக் பட்டை வேண்டாம், பிரேக் அடித்தால் அதுவும் சேர்ந்து நீளும்.

அளவுதான் படுத்தியது. சிப்பிப்பாறைக்கு நெஞ்சு ஆழம், இடுப்பு ஒடுக்கம், தலையும் சின்னது. ஸ்மால் நெஞ்சில் ஏறவில்லை, மீடியம் தொளதொளவென்று இருந்தது. முன்னங்காலுக்குப் பின்னால், நெஞ்சு ஆழமாக இருக்கும் இடத்தைச் சுற்றி அளந்து வாங்குங்கள். மாட்டியபின் இரண்டு விரல் நுழைய வேண்டும். அப்படி வாங்கியும் மூன்றாம் மாதமே அக்குளில் முடி உதிர்ந்து, தோல் சிவந்துவிட்டது. மேட்டுப்பாளையத்தில் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர் பட்டையைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். “இதுக்குத் தோலு மெல்லிசுங்க அம்மிணி, நைலான் அறுக்கும்” என்று சொல்லி, உள்பக்கம் மெத்தென்ற தோலை மடித்து வைத்துத் தைத்துக் கொடுத்தார். அந்தத் தையல் இன்னும் பிரியவில்லை. காயமும் திரும்ப வரவில்லை.

ஒன்றரை வருடத்தில் வெல்க்ரோ முடி அடைத்து ஒட்டாமல் போனது. மூன்றாம் வருடம் பிளாஸ்டிக் பக்கிளில் ஒரு பல் விரிசல் விட்டதும் இரும்புக்கு மாற்றினேன். வாங்கும்போதே இரும்பாகப் பாருங்கள். ஊட்டி மழையில் நனைந்தால் ஒரு ராத்திரியில் காயாது, ஈரப்பட்டை தோலை அரிக்கும். அதனால் மாற்றுப் பட்டை ஒன்று கூடவே வரும்.

மேட்டுப்பாளையம், குன்னூர் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். கிளம்ப 4 மணி நேரம் முன்னாடியே சாப்பாட்டை நிறுத்திவிடுவேன். மூன்று நான்கு வளைவு ஏறியதும் அவள் உதட்டை நக்க ஆரம்பிப்பாள். அதுதான் வாந்தி வருவதற்கு முன்னறிவிப்பு. நிறுத்தி, இறக்கி, பத்து நிமிடம் நடத்திவிட்டு ஏறுவோம். பர்லியாற்றில் மட்டும் குரங்கு கூட்டம், கண்ணாடியை இறக்கவே கூடாது.

குன்னூரில் சிம்ஸ் பார்க் பக்கம் எப்போதும் கொஞ்ச நேரம் நிற்போம். 1907இல் தொடங்கிய பாஸ்டர் இன்ஸ்டிடியூட் அங்கே இருக்கிறது. வெறிநாய்க்கடிக்குத் தடுப்பு மருந்து செய்த இடம். என் அப்பா சின்ன வயதில் நாய் கடித்து, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டவர். அந்தக் கட்டடத்தைப் பார்க்கும்போதெல்லாம் கார் டேஷ்போர்டில் செவந்தியின் தடுப்பூசி அட்டை இருக்கிறதா என்று ஒரு தடவை கை தானாகப் போய்விடும்.

ஊட்டியில் செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச்சுக்குள் ஆள் மாற்றி ஆள்தான் போனோம். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து கொண்டுவந்த மரம் அதன் உத்தரமாக இருக்கிறது. கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்கில், 1819இல் மலையேறி வந்த கலெக்டர் ஜான் சல்லிவனின் பங்களா. அங்கேயும் ஒருவர் உள்ளே, ஒருவர் செவந்தியோடு வெளியே. கூட்டமில்லாத இடம், அவளுக்கும் எனக்கும் பிடித்தது அதுதான்.

ராத்திரி விஷயத்தில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன். ஒரு விடுதியில் போனில் சரி என்றவர்கள், போனபிறகு நாயை வராந்தாவில் கட்டச் சொன்னார்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் சிறுத்தை நாய்க்காகவே வீட்டு வாசல் வரை வரும். அந்த இருட்டிலேயே வேறு இடம் தேடிப் போனோம். அறைக்குள் படுக்கவிடுவார்களா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கு ஆன்லைனில் எடுக்கும் இ-பாஸ் 2024 மே முதல் நடப்பில் இருக்கிறது, கிளம்புமுன் போட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை, அவளுக்குத் தண்ணீர் எவர்சில்வர் தூக்கில்தான்.

போன மாதம் எடை போட்டால் 20 கிலோ. பட்டையை ஒரு துளை தளர்த்தியிருக்கிறேன், இன்னும் ஒரு துளைதான் மிச்சம்.