ஹனாக் 450 பிஎல் ஜிக் முள்ளும் டங்ஸ்டன் மணியும்: நிம்ஃப் கட்டப் பழகுபவர்களுக்கு

ட்ரவுட் மீனுக்கு எடை வைத்த நிம்ஃப் (நீருக்கடியில் வாழும் பூச்சிக் குஞ்சு போன்ற செயற்கைத் தூண்டில் இரை) கட்டப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் ஈயக் கம்பியில்தான் கை வைக்கிறார்கள். கம்பி நழுவும், உடம்பு தடித்துப்போகும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு எடையில் வரும். அதற்குப் பதில் செக் நாட்டு ஹனாக் 450 பிஎல் ஜிக் தூண்டில் முள், 14ஆம் அளவில் வாங்குங்கள். கூடவே பிளவு போட்ட டங்ஸ்டன் மணி, 2.8 அல்லது 3 மி.மீ.

எடைக்கு மணி ஒன்றே போதும். ஒரு கன செ.மீ. பித்தளை ஏறத்தாழ 8.5 கிராம், ஈயம் 11.3, டங்ஸ்டன் 19.3. அதனால் உடம்பை ஒல்லியாகவே விடலாம். ஒல்லி நிம்ஃப்தான் சட்டென்று அடியில் இறங்கும். முள்ளின் காது (தூண்டில் நூல் கோக்கும் வளையம்) மேல்நோக்கி மடிந்திருப்பதால் தண்ணீரில் முனை மேலே பார்த்து நிற்கிறது, பாறையிடுக்கில் மாட்டுவது குறைகிறது. எதிர்முள் கிடையாது, மணி தடையில்லாமல் ஏறும்.

மணியின் வட்டத் துளையை முதலில் முனைக்குள் விட்டுக் காது வரை தள்ளுங்கள். பிளவு பின்பக்கம் பார்க்க வேண்டும். முள்ளின் தண்டு பிளவுக்குள் படியும்வரை திருப்புங்கள். சாதாரண வட்டத் துளை மணி அந்த மடிப்பில் ஒழுங்காக உட்காராது. விலை குறைவென்று அதை வாங்காதீர்கள்.

அடுத்த வேலையைத்தான் பலரும் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். 70 டெனியர் (நூலின் தடிமன் அளவு) நூலை மணிக்குப் பின்னால் பத்துச் சுற்றுப் போல் ஓட்டி, பிளவில் மிஞ்சும் இடைவெளியை அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் மணி ஆடும். அதன் விளிம்பு நூலை அறுத்து, கழுத்துப் பகுதி பிரிந்துவிடும்.

வாலுக்குக் கோக் டி லியோன் சேவல் இறகின் இழை நான்கு, தண்டின் நீளத்துக்கு. உடம்புக்கு ஃபெசன்ட் பறவையின் வால் இறகு இழை நான்கைந்து. மெல்லிய செம்புக் கம்பியை இழை சுற்றிய திசைக்கு எதிராக ஐந்தாறு சுற்று. ஒரே திசையில் சுற்றினால் கம்பி இழைகளுக்கு நடுவில் புதைந்துவிடும், மீனின் பல் பட்டதும் உடம்பு அவிழும். (ஃபெசன்ட் வால் நிம்ஃபைத் தந்த இங்கிலாந்து ஆற்றுக் காவலர் ஃபிராங்க் சாயர் நூலே தொடவில்லை, செம்புக் கம்பிதான் அவருக்குக் கட்டும் எடையும்.) கழுத்தில் முயல் மயிர் டப்பிங் (நூலில் முறுக்கிச் சுற்றும் மயிர்), ஒரு சிட்டிகைக்கும் குறைவாக. நூலை முடிக்க விப் ஃபினிஷ் முடிச்சு ஐந்து சுற்று, ஊசிமுனையில் ஒரு துளி வார்னிஷ். காது அடைபட்டால் ஈரம் காய்வதற்குள் குத்தித் திறங்கள்.

முனை மிகக் கூர்மை. நூல் அதில் உரசினாலே இழை பிரிந்து அறுகிறது. பாபினை (நூல்கண்டு பிடிப்பானை) முனைக்கு வெளியே சுற்றிக் கொண்டுவாருங்கள்.

டங்ஸ்டன் பித்தளையைவிட விலை கூடுதல்தான், ஆனாலும் காசு இங்கேதான் போக வேண்டும். முழங்கால் ஆழமே உள்ள மெதுவான ஓட்டத்தில் மட்டும் இந்த மணி வேண்டாம். நிம்ஃப் நேரே தரையில் போய்ப் படுத்துவிடும். அங்கே அதே முள்ளில் அதே அளவுப் பித்தளை மணி சரியாக வேலை செய்யும்.