கவுட் வலிக்கு நான் செய்து பார்த்த வீட்டு வைத்தியங்கள்: ஆறு வருஷக் கணக்கு

ரத்தத்தில் யூரிக் ஆசிட் கூடி மூட்டில் படிவதால் வரும் வலிதான் கவுட். எனக்கு முதல் தடவை வந்தது 2018 தீபாவளி முடிந்த மூன்றாம் நாள், ராத்திரி இரண்டரை மணிக்கு. வலது கால் பெருவிரலின் அடிமூட்டு பழுத்த தக்காளி மாதிரி சிவந்து பளபளத்தது, போர்வை நுனி பட்டாலே கத்தினேன், கடைசியில் காற்று படுவதே தாங்காமல் ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டேன். அம்மா எழுந்து வந்து பார்த்துவிட்டு, "ஏலே, எங்கனயாவது இடிச்சிருப்ப, யோசிச்சுப் பாரு" என்றாள். தூத்துக்குடியில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவன் இரும்புக் குழாயில் இடித்துக்கொள்வது தினமும் நடப்பதுதான், அதனால் நானும் அப்படித்தான் நினைத்தேன். அம்மா கல் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் வைத்தாள். அப்புறம் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டில் லைட் எரிந்தது.

காலையில் போன கிளினிக்கில் சுளுக்கு என்று சொல்லி பேண்டேஜ் சுற்றி அனுப்பினார்கள். நான்காம் நாள் இன்னொரு இடத்தில் ரத்தம் எடுத்தார்கள், யூரிக் ஆசிட் 6.4, "நார்மல், கவுட் இல்லை" என்றார்கள். வலி கிளம்பியிருக்கும் நேரத்தில் எடுத்தால் இந்த அளவு குறைவாகக் காட்டக்கூடும், அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதை அடுத்த வருஷம் ஜூலையில் இரண்டாம் தடவை கிளம்பியபோது வேறு ஒரு டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர் சொன்னபடி எடுத்ததில் 8.9 வந்தது. அவர் மாத்திரை எழுதினார். நான் வாங்கவில்லை. வாழ்நாள் முழுக்க மாத்திரையா என்ற பயம், கூடவே வாட்ஸ்அப்பில் வந்து விழுந்த வைத்தியங்கள்.

அடுத்த மூன்று வருஷம் என் காலை வைத்தே சோதனை நடத்தினேன். ஒரே ஒரு நல்ல காரியம் செய்தேன், சமையலறையில் தொங்கும் மாத காலண்டரில் வலி கிளம்பிய நாள், செருப்பு போட முடிந்த நாள், இடையில் என்ன சாப்பிட்டேன், என்ன பூசினேன் எல்லாவற்றையும் குறித்து வைத்தேன். இந்தக் கணக்கே அந்தக் காலண்டரிலிருந்து வந்ததுதான்.

முதலில் முடக்கத்தான் கீரை. முடக்கை அறுப்பதால் முடக்கறுத்தான் என்று பெயரிலேயே வைத்தியம் இருக்கிறது. வாரம் இரண்டு நாள் தோசை, ஒரு நாள் ரசம், ஆறு மாதம் விடாமல். மாவில் ஒரு கைப்பிடிக்கு மேல் போட்டால் கசக்கும், கொஞ்சம் சீரகமும் மிளகும் சேர்த்து அரைத்தால் அருமையாக இருக்கும். யூரிக் ஆசிட் 8.9-லிருந்து 8.7 ஆனது, அதை இறங்கியதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஆறு மாதத்துக்குள் ஒரு தடவை வலியும் கிளம்பியது. ஆனால் தோசை இன்றுவரை தொடர்கிறது, வைத்தியத்துக்காக இல்லை, ருசிக்காக.

ஆப்பிள் சிடர் வினிகர் இரண்டு மாதம் குடித்தேன். பல் கூசியது, நெஞ்செரிச்சல் வந்தது, மூட்டில் ஒரு மாற்றமும் இல்லை. சமையல் சோடா கதை இன்னும் மோசம். அரை ஸ்பூன் தண்ணீரில் கலந்து குடித்தால் ஆசிட்டை முறிக்கும் என்று ஒருவர் அனுப்பியதை நம்பி மூன்று வாரம் குடித்தேன், ஏற்கெனவே பிபி இருக்கிறவன், பார்த்தால் 160-ஐத் தாண்டி நிற்கிறது. சோடா உப்பிலும் சோடியம்தானே இருக்கிறது. பிபியோ சிறுநீரகக் கோளாறோ இருக்கிறவர்கள் தயவுசெய்து இதைத் தொடாதீர்கள்.

செர்ரிக்கு வருகிறேன், ஏனென்றால் இதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. பாஸ்டன் ஆய்வாளர்கள் 633 கவுட் நோயாளிகளிடம் கேட்டு 2012-ல் வெளியிட்டதில், முந்தைய இரண்டு நாளில் செர்ரி சாப்பிட்டிருந்தால் வலி கிளம்பும் வாய்ப்பு 35 சதவீதம் குறைவாக இருந்தது. இதைப் படித்ததும் கடைக்குப் போய் பேக்கரியில் கேக் மேல் வைப்பார்களே அந்தச் சிவப்பு செர்ரியை அரைக்கிலோ வாங்கி வந்தேன். தினம் பத்து. மூன்றாம் வாரம் என் மகள்தான் சொன்னாள், "அப்பா, அது செர்ரியே இல்ல, களாக்காய சர்க்கரைப் பாகுல ஊறப்போட்டு கலர் ஏத்துனது." அதாவது மூன்று வாரம் நான் வைத்தியம் என்று தின்றது சாயம் போட்ட சர்க்கரை, அதிலும் சர்க்கரையில் இருக்கும் ஃபிரக்டோஸ் யூரிக் ஆசிட்டைக் கூட்டும். நிஜ செர்ரி காஷ்மீரிலிருந்தும் இமாச்சலத்திலிருந்தும் கோடையில் சில வாரம்தான் வரும், அந்த விலைக்கு எங்கள் வீட்டில் ஒரு வேளை மீனே வந்துவிடும்.

வாழைத்தண்டு சாறு, எலுமிச்சை, நெல்லிக்காய், கொள்ளு ரசம் எல்லாம் வந்து போயின. கெடுதல் ஒன்றும் இல்லை, நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளும்படியும் ஒன்றும் இல்லை.

இப்போது காலண்டர் கணக்கு. முதல் தடவை என்னவென்றே தெரியாமல் கட்டுப் போட்டுக் கிடந்தபோது 9 நாளில் செருப்பு போட்டேன். முடக்கத்தான் காலத்தில் 8 நாள். வினிகர் காலத்தில் 9. வாழைத்தண்டுக்கு 7, அதை அப்போது ஊர் முழுக்கச் சொல்லி, நாலு பேருக்கு சாறு பிழிந்தும் கொடுத்தேன். அடுத்த தடவை அதே வாழைத்தண்டுக்கு 10 நாள் ஆனது. ஒரு நாள் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் இந்த எண்களை வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் உறைத்தது. கவுட் வலி ஓரிரு வாரத்தில் தானாகவே அடங்கிவிடும், அதன் சுபாவமே அது. ஏழாம் நாள் எதைக் குடித்துக்கொண்டிருக்கிறோமோ அதற்குப் பெயர் போய்விடுகிறது. "எனக்கு இதுதான் கேட்டுச்சு" என்று சொல்கிற யாரும் பொய் சொல்லவில்லை, நானும்தான் சொன்னேன், நாள் மட்டும் எண்ணவில்லை.

அப்படியானால் வீட்டில் எதுவுமே உதவாதா என்றால், உதவும். ஐஸ் உதவுகிறது. ஃப்ரீசரில் ஒரு பாக்கெட் பச்சைப் பட்டாணி எனக்காகவே இருக்கிறது, அதை யாரும் சமைக்கக் கூடாது. மெல்லிய துண்டில் சுற்றி 15, 20 நிமிஷம் மூட்டில் வைப்பேன், ஒரு மணி நேரம் விட்டு மறுபடி. பட்டாணி மூட்டின் வளைவுக்கு ஏற்றபடி படியும், ஐஸ் கட்டி மாதிரி குத்தாது. காலை இரண்டு தலையணை மேல் தூக்கி வைத்து, போர்வை விரலில் படாமல் இருக்க பக்கத்தில் ஒரு அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் போர்வையைப் போட்டால் தூக்கமாவது வரும். சூடான ஒத்தடம், அழுத்தித் தைலம் தேய்ப்பது, எண்ணெய் போட்டு நீவி விடுவது, இதையெல்லாம் அந்த நேரத்தில் யார் சொன்னாலும் செய்ய விடாதீர்கள், பெற்ற தாயே ஆனாலும் சரி.

தண்ணீர் அடுத்தது. வெயில் காலத்தில் கடையில் நின்று வியர்த்து, தண்ணீர் குடிக்க மறந்த வாரங்களில்தான் எனக்குப் பாதிக்கு மேல் கிளம்பியிருக்கிறது. விரதம் இருந்து வெறும் வயிற்றில் கிடந்த ஒரு வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாளும் கிளம்பியது. அப்புறம் மோர், கொழுப்பு எடுத்த பாலில் உறை ஊற்றியது, தினம் இரண்டு டம்ளர்.

சாப்பாட்டில் நான் செய்த பெரிய முட்டாள்தனம், புரதம் ஆகாது என்று ஒரு வருஷம் சாம்பாரையும் கீரையையும் விட்டுவிட்டு, தூத்துக்குடிக்காரன் என்ற உரிமையில் நெத்திலியை விடாதது. கதை நேர் எதிர். அமெரிக்காவில் 47,000-க்கும் அதிகமான ஆண்களை 12 வருஷம் கவனித்து 2004-ல் வந்த ஆய்வில் இறைச்சியும் கடல் மீனும் கவுட் வாய்ப்பைக் கூட்டின, பருப்பு, கீரை, காளான் கூட்டவில்லை, பால் பொருட்கள் குறைத்தன. நெத்திலி, மத்தி, ஈரல், பீர், பாட்டில் கூல்டிரிங்ஸ், இவைதான் என் எதிரிகள். பீரை விட்டது சுலபம். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை விட்டதைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

இவ்வளவும் ஒழுங்காகக் கடைப்பிடித்த 2022-லும் யூரிக் ஆசிட் 8-க்குக் கீழே வரவில்லை, அந்த வருஷம் நாலு தடவை கிளம்பியது, நாலாவது கணுக்காலில். அப்போதுதான் மறுபடி அந்த டாக்டரிடம் போனேன். அவர் விளக்கியது இது: பெரும்பாலானவர்களுக்குச் சிக்கல் தின்பதில் மட்டும் இல்லை, சிறுநீரகம் யூரிக் ஆசிட்டைப் போதுமான அளவு வெளியே தள்ளுவதில்லை. 6.8-க்கு மேலே போனால் அது மூட்டில் ஊசி ஊசியாகப் படிய ஆரம்பிக்கும், 6-க்குக் கீழேயே வைத்திருந்தால் படிந்ததும் மெல்லக் கரையும். யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் அலோபியூரினால் என்ற மாத்திரையை 100 மில்லிகிராமில் ஆரம்பித்து 300 வரை ஏற்றினார். ஆரம்ப மாதங்களில் வலி கிளம்பலாம், பயந்து நிறுத்தக் கூடாது, உடம்பில் தடிப்பு வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு ஓடி வா என்றார். சொன்னபடியே 2023 பிப்ரவரியில் ஒரு தடவை கிளம்பியது. அன்றே கவுட் வலியை அடக்கும் கால்சிசின் மாத்திரை போட்டேன், மூன்றாம் நாள் கடை திறந்தேன்.

அந்த கால்சிசின் எதிலிருந்து வருகிறது என்று கேட்டபோதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. நம் மாநில மலர் செங்காந்தள், அதன் விதையிலிருந்தும் எடுக்கிறார்கள். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கம்பிப் பந்தலில் ஏற்றி கண்வலிக்கிழங்கு என்று பயிர் செய்வார்களே, அதேதான். இதைக் கடையில் சொன்னதும் ஒரு வாடிக்கையாளர், "அப்ப கிழங்கையே அரைச்சு சாப்பிட்டுறலாமே அண்ணாச்சி" என்றார். கூடவே கூடாது. அந்தக் கிழங்கு விஷம், தின்று செத்தவர்கள் உண்டு. மாத்திரையிலேயே அரை மில்லிகிராம் கணக்கில் அளந்து கொடுக்கிறார்கள், அளவு கொஞ்சம் கூடினாலே பேதி பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று, மூட்டு வீக்கத்தோடு காய்ச்சலும் குளிரும் வந்தால் கவுட் என்று நீங்களே முடிவு கட்டி ஐஸ் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள், அது மூட்டுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

கடைசி டெஸ்ட்டில் 5.4. ஒன்றரை வருஷமாகக் காலண்டரில் எழுத ஒன்றும் இல்லை. அம்மாவைக் கேட்டால் முடக்கத்தான் தோசைதான் காரணம் என்பாள், வியாழக்கிழமை தோறும் ஊற்றியும் விடுகிறாள். பட்டாணிப் பாக்கெட்டை மட்டும் இன்னும் ஃப்ரீசரிலிருந்து எடுக்க விடவில்லை நான்.