மாடியில் சோலார் போட்டேன், கரண்ட் பில் ஏறியது

சோலார் போட்டால் பில் குறையும் என்பார்கள். எனக்கு ஏறியது. முதல் பில்லைப் பார்த்ததும் ஃபிரிட்ஜ் மேல் சந்தேகப்பட்டேன். இரண்டாவது பில்லுக்குத் தண்ணீர் மோட்டார் மேல். மூன்றாவது பில் வந்த அன்றுதான், மாடியில் பேனலுக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்த சாம்பல் நிறப் பெட்டியை முதல்முறையாகச் சந்தேகத்தோடு பார்த்தேன். அதே மாதிரிப் பெட்டியை வாங்கும் யோசனையில் இருப்பவர்கள், ஏற்கெனவே வாங்கி மாட்டியிருப்பவர்கள் இரண்டு பேருக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

என் தேவை பெரிதல்ல. பகலில் ஓடும் சாமான்களுக்கு இரண்டு பேனல் போதும் என்று நினைத்தேன். ஒரு விளம்பரத்தைப் பார்த்துப் பேசியபோது விற்பனையாளர் சொன்னது இது: "சார், இது கிரிட் டை மைக்ரோ இன்வெர்ட்டர். பேட்டரி வேண்டாம். எலக்ட்ரீஷியன் வேண்டாம். யாரிடமும் அனுமதி வேண்டாம். ஒயரைக் கொண்டுபோய் வீட்டு பிளக் பாயிண்டில் சொருகினால் மீட்டர் பின்னால் ஓடும். கரண்ட் போனாலும் உங்கள் வீட்டில் ஃபேன் சுற்றும்." ஒரே மூச்சில் ஐந்து விஷயம். அதில் பேட்டரி வேண்டாம் என்பது மட்டும் உண்மை.

இந்தக் கருவியின் வேலை என்ன என்பதை நான் பணம் கொடுத்த பிறகுதான் படித்தேன். பேனலில் இருந்து வருவது டிசி, ஒரே திசையில் ஓடும் மின்சாரம். வீட்டு ஒயரில் ஓடுவது ஏசி, திசை மாறி மாறி அலையாக வரும் மின்சாரம். பெரிய இன்வெர்ட்டர் எல்லாப் பேனலையும் வரிசையாகக் கோத்து ஒரே இடத்தில் மாற்றும். மைக்ரோ இன்வெர்ட்டர் ஒன்றிரண்டு பேனலுக்கு ஒன்று என்று அதன் முதுகிலேயே உட்கார்ந்து மாற்றும். ஒரு பேனலில் நிழல் விழுந்தால் மற்றதன் உற்பத்தி கெடாது என்பது அதன் நல்ல குணம். ஆனால் கிரிட் டை என்றால், லைனில் வரும் ஏசி அலையைப் பார்த்து அதே தாளத்தில் தன் மின்சாரத்தைச் சேர்த்துவிடும் கருவி என்று பொருள். பார்ப்பதற்கு லைன் இல்லை என்றால் அது வேலை செய்யக்கூடாது. கரண்ட் போனால் அதுவும் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அதுதான் கோளாறு.

அதனால் முதல் ஏமாற்றம் முதல் வாரத்திலேயே வந்துவிட்டது. நல்ல வெயிலில் கரண்ட் போனது, ஃபேனும் நின்றது. போன் செய்தேன். "அதற்கு ஒரு வழி இருக்கிறது சார், உங்கள் வீட்டு யூபிஎஸ் அவுட்புட்டில் சொருகிவிடுங்கள்" என்றார். நல்லவேளை, அன்று சோம்பல். செய்யவில்லை. செய்திருந்தால், யூபிஎஸ் கொடுக்கும் 230 வோல்ட்டை லைன் என்று நினைத்துக்கொண்டு பெட்டி மின்சாரத்தைத் தள்ளும். வீட்டில் செலவாகாத மிச்சம் யூபிஎஸ்ஸுக்குள் பின்பக்கமாக நுழையும். சாதாரண யூபிஎஸ் அதை வாங்கிக்கொள்ளச் செய்யப்பட்டதல்ல. ஒன்று அது எரியும், இல்லையென்றால் பேட்டரி கணக்கில்லாமல் சார்ஜ் ஆகும். இப்படி இணைத்து ஓட்டுவதற்கென்றே சில இன்வெர்ட்டர்கள் இருக்கின்றன. அவை மிச்சம் சேரும்போது அலையின் வேகத்தை 50 ஹெர்ட்ஸில் இருந்து சற்றே கூட்டி, சோலார் பக்கத்தை அடங்கச் சொல்லும். என்னிடம் இருந்த யூபிஎஸ் அந்த ரகமல்ல. விற்றவர் அது என்ன ரகம் என்று கேட்கவே இல்லை.

இனி பில் கதை. விற்றவர் எனக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். மீட்டரில் அலுமினியத் தட்டு மெதுவாகி, நின்று, பின்னால் சுற்றும். அது பொய் வீடியோ அல்ல. பழைய தட்டு மீட்டர் பலவும் அப்படித்தான் சுற்றும். என் வீட்டில் இருப்பது டிஜிட்டல் மீட்டர். இந்த ஒரு திசை டிஜிட்டல் மீட்டர்களில் பலவும், கரண்ட் எந்தப் பக்கம் போனாலும் அதைச் செலவு என்றே எழுதிக்கொள்ளும். ஒயரை மாற்றி இணைத்துத் திருடுபவர்களைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது. எனக்கு வந்து விடிந்தது.

கணக்கைச் சொல்கிறேன், அப்போதுதான் உறைக்கும். சோலாருக்கு முன்னால் என் வீட்டுச் செலவு நாளுக்கு 8 யூனிட். பேனல் தந்தது 4 யூனிட். 8இல் 4 போனால் 4 என்றுதானே நினைப்போம்? ஆனால் பகலில் வீட்டில் யாரும் இல்லை. ஃபிரிட்ஜும் வைஃபை பெட்டியும் மட்டும் ஓடும். அந்த 4இல் வீட்டுக்குள் செலவானது ஏறக்குறைய 1.2 யூனிட். மிச்சம் 2.8 யூனிட் தெருவுக்குப் போனது. மீட்டர் என்ன செய்தது? நான் உண்மையில் லைனில் இருந்து எடுத்த 6.8 யூனிட்டோடு, நான் கொடுத்த 2.8ஐயும் கூட்டி 9.6 என்று எழுதியது. என் மின்சாரத்தை ஊருக்குத் தானமாகக் கொடுத்து, அதற்கு நானே பணமும் கட்டியிருக்கிறேன். மூன்று பில்.

இதைக் கண்டுபிடித்தது நானல்ல, எனக்குப் பழக்கமான எலக்ட்ரீஷியன் அண்ணன். ஆரம்பத்திலேயே அவரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் வேண்டாம் என்று ஒருவர் சொல்கிறாரே, யாருக்கு வேண்டாம் என்று யோசித்திருக்கலாம். அண்ணன் வந்ததும் மீட்டரில் அம்புக்குறி எந்தப் பக்கம் எரிகிறது என்று பார்த்தார். பிறகு மெயினை அணைத்துவிட்டு, சோலார் ஒயருக்கு மட்டும் ஒரு சின்னத் துணை மீட்டரைப் பொருத்தினார். இரண்டே நாளில் விஷயம் வெளியில் வந்துவிட்டது. கூடவே இன்னொன்றும் வந்தது: பெட்டியின் மேல் 700 வாட் என்று ஒட்டியிருந்தாலும் உச்சி வெயிலில்கூட அது 540ஐத் தாண்டவில்லை. போன் ஆப் நாளுக்கு 5 யூனிட் காட்டும். துணை மீட்டரில் 4தான். விற்றவர்களிடம் கேட்டதற்கு "அது பீக் சார்" என்றார்கள். சரி, விடுங்கள். அது சின்ன ஏமாற்று.

பெரியது அடுத்தது. அண்ணன் ரப்பர் மிதியடி மேல் நின்றுகொண்டு, பிளக் பாயிண்டில் இருந்து அந்த ஒயரை உருவினார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த பித்தளைக் கால்களில் டெஸ்டரை வைத்தார். விளக்கு எரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும் நேரம் எரிந்துவிட்டுத்தான் அணைந்தது. அவர் எதுவும் பேசவில்லை. என் பையனுக்கு ஆறு வயது என்பது அவருக்குத் தெரியும். (தயவுசெய்து யாரும் இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். அவர் தொழில் தெரிந்தவர்.)

முறையான மைக்ரோ இன்வெர்ட்டருக்குள் ரிலே இருக்கும். லைன் போனதும் அது "டிக்" என்று ஒயரைத் துண்டித்துவிடும். ஐலேண்டிங் தடுப்பு என்று இதற்குப் பெயர். லைன் இல்லாதபோது ஒரு வீடோ தெருவோ தனித் தீவு மாதிரி உயிரோடு நிற்கக்கூடாது. ஐஇஇஇ 1547 தரவிதிப்படி 2 விநாடிக்குள் நிற்க வேண்டும். இதைச் சோதிப்பதற்கென்றே ஐஇசி 62116 என்ற தரம் இருக்கிறது. ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், லைனை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் ஒரு லைன்மேன் கம்பத்தில் ஏறியிருப்பார். என் மாதிரிச் சின்னப் பெட்டி ஒரு தெருவையே தாங்கிவிடாது, அவ்வளவு சுமையில் அதுவே படுத்துவிடும், உண்மைதான். ஆனால் கம்பி அறுந்தது என் வீட்டு வாசலிலேயே என்றால்? அந்தப் பக்கம் சுமையே இல்லை என்றால்? அண்ணன் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

எனக்கு முன்பே ஒரு அறிகுறி தெரிந்திருக்க வேண்டும். கரண்ட் திரும்பி வந்தால் நல்ல இன்வெர்ட்டர் உடனே ஓடாது. லைன் நிலையாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பொதுவாக ஒரு நிமிடம் முதல் 5 நிமிடம் வரை காத்திருந்துதான் சேரும். என் பெட்டி ஐந்தாறு விநாடியில் ஓட ஆரம்பிக்கும். நான் அதைப் பெருமையாக நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். விற்றவரும் "ஃபாஸ்ட் ஸ்டார்ட் டெக்னாலஜி" என்று பெயர் வைத்திருந்தார். உங்கள் வீட்டில் இருப்பது எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள, அடுத்த முறை பகலில் கரண்ட் போய் வரும்போது கடிகாரத்தைப் பாருங்கள். எதையும் தொட வேண்டியதில்லை.

பெயர் தெரியாத கம்பெனியில் மட்டும்தான் இது நடக்கும் என்றும் இல்லை. 2023இல் ஜெர்மனியில், பால்கனி சோலாருக்காக ஏராளமாக விற்ற ஒரு பெரிய கம்பெனியின் மைக்ரோ இன்வெர்ட்டரில் இருக்க வேண்டிய ரிலே இல்லை என்று தெரியவந்தது. பிறகு தனியாக ஒரு ரிலே பெட்டி கொடுத்துச் சரிக்கட்டினார்கள். அதைப் படித்த பிறகு லேபிளைப் பார்த்து மயங்குவதை விட்டுவிட்டேன். என் பெட்டியில் "சிஇ" என்ற ஐரோப்பிய முத்திரை பளிச்சென்று இருந்தது. இந்த மாதிரிக் கருவிகளில் அது தயாரிப்பவரே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது, சோதனைக்கூடம் கொடுத்த சான்றிதழ் அல்ல. கேட்க வேண்டியது 62116 சோதனை அறிக்கையை. அதில் இருக்கும் மாடல் நம்பரும் பெட்டியில் இருக்கும் மாடல் நம்பரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். நான் கேட்டபோது ஒரு மங்கலான போட்டோ வந்தது. மாடல் நம்பர் இருந்த இடத்தில் கட்டைவிரல்.

இதற்கு நடுவில் பெட்டி பாதி செத்தும் போனது. துணை மீட்டரில் அளந்து முடித்த பிறகு, பெட்டியைக் கழற்றுவதற்கு முன்பே, அதில் ஒரு பேனலுக்கான பக்கம் போய்விட்டது, நான் கவனிக்கவில்லை. ஆப்பின் பழைய பதிவைப் பார்த்தால், மழை விட்டு திடீரென்று வெயில் அடித்த ஒரு நாளில் ஒரு பேனலின் கோடு அப்படியே தரையில் விழுந்திருக்கிறது. காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்: பேனல் சூடானால் வோல்டேஜ் இறங்கும், குளிர்ந்தால் ஏறும். என் பேனலின் திறந்த சுற்று வோல்டேஜ், அதாவது எதோடும் இணைக்காதபோது அது காட்டுவது, 49.5. அது பேனல் 25 டிகிரியில் இருக்கும்போது உள்ள கணக்கு. பத்து டிகிரி குளிர்ந்தால் 51க்குப் பக்கத்தில் போய்விடும். பெட்டியின் தாங்கும் வரம்பு, பின்பக்கம் எறும்பு எழுத்தில், 50. நல்ல மைக்ரோ இன்வெர்ட்டர்கள் பலவற்றில் இது 60. பேனலையும் பெட்டியையும் சேர்த்து விற்றது ஒரே ஆள். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிட வேலை.

வாரண்டி கேட்டேன். 10 வருட வாரண்டி என்று போட்டிருந்தது. முதலில் பேனல் கோளாறு என்றார்கள். பேனலை அளந்து போட்டோ அனுப்பினேன். பிறகு மின்னல் என்றார்கள். மின்னல் என்றால் வீட்டில் டிவியும் இன்னபிறவும் நன்றாக இருக்கின்றனவே என்றேன். கடைசியாக வந்த பதில்தான் முத்து: "தகுதியான எலக்ட்ரீஷியன் பொருத்தவில்லை என்பதால் வாரண்டி செல்லாது." எலக்ட்ரீஷியன் வேண்டாம் என்று சொன்ன அதே வாய். அந்தப் பேச்சு போனில் நடந்தது, எழுத்தில் என்னிடம் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு போனே எடுக்கவில்லை.

இப்போது என் நிலைமை: பேனல் இரண்டும் நன்றாக இருக்கின்றன. அண்ணன் ரிலே உள்ள, சோதனை அறிக்கை உள்ள ஒரு மைக்ரோ இன்வெர்ட்டரைத் தேடிப் பிடித்தார். அதைப் பிளக் பாயிண்டில் சொருகவில்லை. மெயின் போர்டில் இருந்து தனி ஒயர், தனி எம்சிபி (ஓட்டம் மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்ச்), தனி எர்த். ஏற்கெனவே சாமான்கள் ஓடும் பிளக் லைனிலேயே சோலாரையும் சொருகினால், எம்சிபி வழியாக வருவதும் சோலார் தருவதும் சேர்ந்து ஒயரில் ஓடும். எம்சிபிக்குத் தன் வழியாகப் போவது மட்டும்தான் தெரியும். ஒயர் சூடாவதை அது கண்டுகொள்ளாது. எடுப்பதையும் கொடுப்பதையும் தனித்தனியாக எழுதும் இரு திசை மீட்டருக்கு மின்சார அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது வரும்வரை புது இன்வெர்ட்டரை ஓட்டவில்லை. சிலர் தெருவுக்கு எதுவும் போகாமல் தடுக்கும் சென்சாரை மெயின் ஒயரில் மாட்டி ஓட்டுகிறார்கள், அதுவும் ஒரு வழி. அதற்கும் அனுமதி வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

இதே மாதிரிப் பெட்டி உங்கள் மாடியில் இருந்து, கழற்ற வேண்டும் என்று தோன்றினால், அவசரப்பட்டுப் பேனல் பக்கத்து எம்சி4 கனெக்டரை முதலில் இழுத்துவிடாதீர்கள். ஓட்டத்தில் இருக்கும் டிசியைப் பிரித்தால் தீப்பொறி கம்பி மாதிரி நீண்டு நின்று எரியும், ஏசி போலச் சட்டென்று அணையாது. முதலில் போர்டில் அந்த லைனின் சுவிட்சை அணைக்க வேண்டும், ஓட்டம் நின்ற பிறகுதான் எம்சி4. பிளக்கின் கால்களை எந்தக் கட்டத்திலும் கையால் தொடக் கூடாது. முடிந்தால் சூரியன் இறங்கிய பிறகு, ஓர் எலக்ட்ரீஷியனைக் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள். நாங்கள் மாலை ஆறரைக்குக் கழற்றினோம். பெட்டி இப்போது ஒரு சாக்கில் கட்டி பரண் மேல் இருக்கிறது. வேறு யாருக்கும் விற்க மனமில்லை.