புனிதர்களிடம் மன்றாடலாமா, நேரே ஆண்டவரிடம் மட்டுமா?

மதுரையில் ஆர்.சி.யும் (கத்தோலிக்கர்) சி.எஸ்.ஐ.யும் (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டன்ட்) சம்பந்தம் செய்த வீடுகளில், ஜெபமாலையை எடுத்ததுமே எழும் கேள்வி இது.

வேத ஆதாரம்
புனிதர் வழி: தோபித்து 12:12-ல் வானதூதர் இரபேல் மன்றாட்டைக் கடவுள்முன் கொண்டுபோகிறார்.
நேரே: 1 தீமோத்தேயு 2:5, மத்தியஸ்தர் கிறிஸ்து ஒருவரே. தோபித்து சி.எஸ்.ஐ. வேதாகமத்தில் இல்லை, அதை வைத்து வாதாடினால் பேச்சு நகராது. வானதூதர் பரிசுத்தவான்களின் ஜெபங்களைத் தூபத்தோடு கடவுள்முன் செலுத்தும் வெளிப்படுத்தல் 8:3-4-ஐ எடுங்கள், அது இருவருக்கும் பொது.

சபை நிலை
திரெந்து சங்கம் (கத்தோலிக்கப் பொதுச்சங்கம், 1563): கேட்பது நல்லது.
ஆக்ஸ்பர்க் அறிக்கை (லுத்தரன் விசுவாச அறிக்கை, 1530): நினைவுகூரலாம், கேட்கக்கூடாது.

தவறுவது எங்கே
புனிதரே வரம் தருவதாக நேர்த்தி பேசுவதில்தான். புனிதர்களின் பெயரை வரிசையாகச் சொல்லி வேண்டும் மன்றாட்டுமாலையைக் கவனியுங்கள்: கடவுளிடம் 'இரக்கமாயிரும்', புனிதரிடம் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்'. இந்த எல்லைக்குள் ஆர்.சி.க்காரர் தாராளமாகக் கேட்கலாம். மனசாட்சி உறுத்துகிறவரை வற்புறுத்தவே கூடாது. அவருக்கு நேர் ஜெபமே சரி. குடும்ப ஜெபத்துக்கு, ஆண்டவர் கற்பித்த ஜெபம்.