கேட்டுக்கு அந்தப் பக்கம் வாங்கிய வீடு: சில வருடங்கள் குடியிருந்த பிறகு

வீட்டைப் பற்றி இதில் அதிகம் எழுதப் போவதில்லை. எத்தனை சதுர அடி, எத்தனையாவது மாடி, வண்டி நிறுத்த இடம் உண்டா என்பதெல்லாம் எந்த விளம்பரத்திலும் இருக்கும். ஏரியாவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். இன்னும் சரியாகச் சொன்னால், ஏரியாவுக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் ஒரு ரயில்வே கேட்டைப் பற்றி. அலுவலக நண்பர் ஒருவர் இதே பகுதியில் வீடு பார்க்கிறார். "உங்க ஏரியா எப்படி இருக்கு, வாங்கலாமா?" என்று கேட்டார். ஒரு வரியில் சொல்லிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன்.

முதலில் விலை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு படுக்கையறை வீட்டுக்குக் கேட்ட பணத்தில் இந்தப் பக்கம் இரண்டு படுக்கையறை கிடைத்தது. அதே நகரம், அதே ரயில் நிலையம், வரைபடத்தில் பார்த்தால் ஒரு விரல்கடை தூரம். பக்கத்து ஏரியாவைவிட ஒரு ஏரியா இவ்வளவு மலிவாக இருந்தால், அதன் குறையை யாரோ ஏற்கெனவே கணக்குப் போட்டு விலையில் கழித்துவிட்டார்கள் என்று அர்த்தம். தண்ணீராக இருக்கலாம், சாக்கடையாக இருக்கலாம், குப்பைக் கிடங்காக இருக்கலாம், பத்திரத்தில் சிக்கலாக இருக்கலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அது எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாத குறைதான் ஆபத்து. எங்கள் ஏரியாவின் குறை சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்துக்கொண்டு சாலை நடுவில் நின்றது. பார்த்துத்தான் வாங்கினோம்.

பார்த்து வாங்கியதால் எரிச்சல் வராது என்று யார் சொன்னது?

ரயில் கண்ணுக்கே தெரியாத நேரத்தில் கேட் மூடிவிடுகிறது என்று எல்லோரும் கேட்கீப்பரைத் திட்டுவார்கள். அவர் கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. சிக்னலோடு இணைத்த கேட்டுகளில் கேட் இறங்கிப் பூட்டு விழுந்தால்தான் ரயிலுக்குப் பச்சை காட்ட முடியும். வேகமாக வரும் ரயில் பிரேக் போட்டு நிற்க ஒரு கிலோமீட்டர்கூட ஆகலாம் என்பதால், அந்தப் பச்சை ஓட்டுநருக்கு அதற்கும் வெகு முன்பே தெரிந்தாக வேண்டும். அதனால் ரயில் எங்கோ இருக்கும்போதே நாம் நின்றுவிடுகிறோம். இரட்டைப் பாதை என்றால் இன்னொரு கூத்தும் உண்டு. ஒரு ரயில் போய் முடிந்து, எல்லோரும் வண்டியை உயிர்ப்பித்து, கேட்டை ஆவலோடு பார்ப்போம். அது அசையாது. எதிர்ப் பக்கத்திலிருந்து இரண்டாவது ரயில் வருகிறது. அந்த நிமிடத்தில் ஒவ்வொருவர் முகத்தையும் பார்க்க வேண்டும். அப்புறம் கேட் திறந்தாலும் உடனே விடிவு இல்லை. இரண்டு பக்கமும் சாலையின் முழு அகலத்துக்கும் வண்டிகளை நிறுத்தி வைத்திருப்பார்கள். நேருக்கு நேர் முட்டிக்கொண்டு, தண்டவாளத்தின் மேலேயே பேச்சுவார்த்தை நடக்கும். கேட் மூடியிருக்கும் நேரத்தைவிட இதுதான் எனக்கு அதிகக் கோபம். இதில் ரயில்வேக்குப் பங்கு இல்லை, முழுக்க முழுக்க நம் ஆட்கள்.

நியாயமாகக் கணக்குப் போட்டால் இது ஒரு பெரிய நேர இழப்பே இல்லை என்று யாராவது நிரூபித்துவிடலாம். ஒரு மணி நேரத்தில் மொத்தம் கால் மணி நேரம் கேட் மூடியிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு தடவை போனால் ஒரு தடவை மாட்டுவோம். மாட்டும்போது சராசரியாக இரண்டரை நிமிடக் காத்திருப்பு. எல்லாப் பயணத்துக்கும் பகிர்ந்தால் ஒரு தடவைக்கு நாற்பது விநாடிகூட வராது. நாற்பது விநாடிக்காகவா இவ்வளவு புலம்பல்?

ஆனால் யாரும் சராசரியை நம்பி வீட்டைவிட்டுக் கிளம்ப முடியாது. இரண்டு ரயில் சேர்ந்து வந்து, அதற்கு மேல் நெரிசலும் கலைய வேண்டிய நாளை மனதில் வைத்துத்தான் கிளம்ப வேண்டும். எந்த நாள் அப்படி இருக்கும் என்று தெரியாததால் எல்லா நாளும் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புகிறோம். கேட் திறந்திருந்தால் அந்தப் பத்து நிமிடம் அலுவலக வாசலில் வீணாகப் போகும். இன்னொன்று, ரயில்கள் அதிகமாக ஓடுவதும் நாம் கிளம்புவதும் ஒரே நேரத்தில்தான். மதியம் இரண்டு மணிக்கு கேட் விரியத் திறந்து கிடக்கும், கடக்க ஆள் இருக்காது. நாள் முழுவதுக்குமான சராசரி இதைக் காட்டாது.

வீட்டு விளம்பரங்களில் வரும் 'நிலையத்திலிருந்து பத்து நிமிடம்' என்ற கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. ஜப்பானில் இதற்கு விதியே வைத்திருக்கிறார்கள். விளம்பரத்தில் ஒரு நிமிட நடை என்றால் 80 மீட்டர், பாதையின் தூரத்தை அளந்து அதன்படிதான் போட வேண்டும், மிச்சம் இருந்தால் ஒரு நிமிடமாகக் கூட்டிக்கொள்ள வேண்டும். பத்து நிமிடம் என்றால் அதிகபட்சம் 800 மீட்டர் என்று வாங்குகிறவருக்குத் தெரியும். பாராட்டலாம். ஆனால் அந்தக் கணக்கிலும் சிக்னலில் நிற்பதும் ரயில்வே கேட்டில் நிற்பதும் சேராது. அவ்வளவு ஒழுங்கான ஆட்களே கேட்டைக் கணக்கில் சேர்க்க முடியாமல் விட்டிருக்கிறார்கள் என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். நிறையவே இருக்கிறது.

இந்த ஏரியாவின் அமைதிக்குக் காரணமும் அதே கேட்தான். குறுக்கு வழி தேடும் வண்டி ஒன்றுகூட எங்கள் தெருவுக்குள் வராது, கேட்டில் மாட்டிக்கொள்வோம் என்ற பயம். தெருவில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். வருகிற வண்டி எல்லாம் இங்கே குடியிருப்பவர்களுடையது, அதனால் கொஞ்சம் பார்த்து ஓட்டுகிறார்கள். நகரத்தில் இந்த விலையில் இப்படி ஒரு தெரு கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ரயில் சத்தம் இல்லையா என்று கேட்பார்கள். தண்டவாளத்தை ஒட்டிய வரிசையில் இருப்பவர்களுக்கு நிச்சயம் உண்டு, அதிர்வும் உண்டு. அதிலும் கேட் பக்கத்தில் ஹாரன்தான் பெரிய தலைவலி. அமெரிக்க விதிப்படி கேட்டை நெருங்கும்போது 15 முதல் 20 விநாடி ஹாரன் அடிக்க வேண்டும், இன்ஜினுக்கு முன்னால் நூறு அடியில் 96 முதல் 110 டெசிபல் வரை இருக்க வேண்டும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஆறு டெசிபல்தான் குறையும். எட்டு மடங்கு தூரம் தள்ளிப் போனாலும் பதினெட்டுதான் குறையும், நடுவில் கட்டிடங்கள் மறைத்தால்தான் தப்பிக்கலாம். நாங்கள் உள்ளே நான்காவது தெரு, நடுவில் வரிசை வரிசையாக வீடுகள். ஹாரன் கேட்கும், பேச்சை நிறுத்த வேண்டியதில்லை. உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பியப் பிரிவு 2018-ல் தந்த வழிகாட்டுதலில் இரவுச் சராசரிக்கு சாலை இரைச்சல் 45 டெசிபலுக்குள், ரயில் இரைச்சல் 44-க்குள் இருக்கட்டும் என்கிறது. ஏறக்குறைய ஒன்றுதான். என் அனுபவத்தில் ரயில் வந்து போய்விடும், பெருஞ்சாலை விடிய விடிய விடாது. முன்பு வாடகைக்கு இருந்தது சாலை ஓர வீடு என்பதால் இதில் நான் கொஞ்சம் சார்பாகப் பேசலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் தேங்குவதைப் பற்றி ஒரு விஷயம், இதை யாரும் சொல்வதில்லை. தண்டவாளம் பெரும்பாலும் மண் கரையின் மேல் போகும். மழைநீருக்கு அது ஓர் அணை. நிலம் எந்தப் பக்கம் சரிகிறதோ, அதற்கு மேட்டுப் பக்கத்தில் கரையை ஒட்டிய தெருக்களில்தான் தண்ணீர் வந்து நிற்கும். கரைக்கு அடியில் போகும் சிறு மதகு அடைத்துக்கொண்டால் அவ்வளவுதான். ஆகவே ரயில் பாதைக்குப் பக்கத்தில் வீடு பார்த்தால் மதகு எங்கே இருக்கிறது, தூர்ந்து கிடக்கிறதா என்று நடந்து போய்ப் பாருங்கள். கீழ்த்தளச் சுவர்களில் ஒரே உயரத்தில் கறை ஓடுகிறதா, புது வீடுகளின் வாசல் பழைய வீடுகளைவிட வெகுவாக உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். புரோக்கர் சொல்லாததை வாசல்படி சொல்லும். எங்கள் பக்கம் சரிவுக்குக் கீழே இருப்பதால் கரை எங்களைக் காப்பாற்றுகிறது.

பணக் கணக்கிலும் கேட் பக்கம்தான் ஜெயிக்கிறது. வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் வீட்டுச் செலவு என்பது பழைய விதி. சிகாகோவில் இருக்கும் 'சென்டர் ஃபார் நெய்பர்ஹுட் டெக்னாலஜி' என்ற ஆய்வு அமைப்பு அதை மாற்றி, வீட்டுச் செலவும் போக்குவரத்துச் செலவும் சேர்ந்து 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று பார்க்கிறது. நகர விளிம்புக்குப் போனால் விலை மலிவு, ஆனால் ஆளுக்கு ஒரு வண்டி, எரிபொருள் என்று தவணையில் மிச்சம் பிடித்தது சாலையில் போய்விடும். இந்த அளவுகோல் அதைப் பிடித்துவிடும். எங்களுக்கு நிலையம் நடக்கும் தூரம், ஒரு வண்டி போதும். நிலையத்தில் நடைமேம்பாலம் இருப்பதால் நடந்து போகிறவருக்கு கேட் ஒரு பொருட்டே இல்லை. மனைவி அந்த வழியாக ரயிலில் போய் வருகிறாள், அவளைக் கேட்டால் இந்த ஏரியாவுக்கு முழு மதிப்பெண் போடுவாள். வண்டியில் போகும் நான் பாதிதான் போடுவேன். முழங்கால் வலியோடு படி ஏற முடியாத அப்பாவைக் கேட்காதீர்கள். ஒரே வீடு, ஒரே கேட்.

அப்பாவைச் சொன்னதும் ஞாபகம் வருகிறது, மருத்துவமனைகள் எல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. தீயணைப்பு நிலையமும் அந்தப் பக்கம்தான். ஆம்புலன்ஸ் வருகிறது என்பதற்காக ரயிலை நிறுத்த முடியாது, மேலே சொன்ன பூட்டும் பிரேக்கும்தான் காரணம். ஒரு நாள் ராத்திரி அவருக்கு மூச்சு வாங்கியபோது கேட் மூடியிருந்தது. திறந்து, போய்ச் சேர்ந்து, சரியாகிவிட்டது. அந்தச் சில நிமிடங்களை எந்தச் சராசரியில் சேர்ப்பது?

"மேம்பாலம் வந்துடும் சார், அப்புறம் விலையைப் பாருங்க" என்று ஒவ்வொரு புரோக்கரும் சொல்வார். அது வரலாம். வந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மின்கம்பிக்கு மேலே பாலம் போக வேண்டும் என்றால் சாலை ஏறக்குறைய எட்டு மீட்டர் ஏற வேண்டும். முப்பது மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம் என்று வைத்தால் இரண்டு பக்கமும் 240 மீட்டர் சரிவுப் பாதை. பாலம் எங்கள் தெருவைத் தாண்டிப் போய்த்தான் இறங்கும். நாங்கள் பாலம் ஏற வேண்டுமானால் எதிர்த் திசையில் போய்த் திரும்பி வர வேண்டும். பாலத்தை ஒட்டிய வீடுகளின் ஜன்னலுக்கு நேரே வண்டி ஓடும். குறுக்கு வழிக்காரர்கள் அத்தனை பேரும் வருவார்கள். சாலையை விரித்தால் நெரிசல் நேரத்தில் அது மறுபடி நிரம்பிவிடும் என்று அமெரிக்கப் பொருளியலாளர் ஆண்டனி டவுன்ஸ் 1962-லேயே சொல்லிவிட்டார். மேம்பாலத்துக்குப் பதில் சுரங்கப்பாதை என்றால், மழைக்காலத்தில் அதற்குள் என்ன நிற்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எது வந்தாலும் விலை ஏறும், இந்த அமைதி போய்விடும். பாலம் வரும் என்று நம்பி வாங்குகிறவர், பாலம் கட்டி முடிக்கும் வரை மூடிக்கிடக்கும் சாலையையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்.

எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்தேன். நல்லது கூடுதலாகத்தான் இருக்கிறது. அமைதி, தண்ணீர் தேங்காத தெரு, ஒரு அறை கூடுதல், ஒரு வண்டி மிச்சம். கூட்டிக் கழித்தால் 'வாங்குங்கள்' என்றுதான் வர வேண்டும். என் பதில், வாங்காதீர்கள். இன்று காலை இரண்டு ரயிலுக்கும் சேர்த்து நின்றுவிட்டு வந்த சூட்டில் எழுதுகிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். 'அப்படியானால் நீங்கள் விற்பீர்களா?' என்று திருப்பிக் கேட்காதீர்கள், மாட்டேன்.

இவ்வளவுக்குப் பிறகும் பார்க்கத்தான் போவீர்கள் என்றால், விடுமுறை நாளில் புரோக்கர் பின்னால் போகாதீர்கள். வேலை நாள் காலையில், நீங்கள் அலுவலகம் கிளம்பும் நேரத்துக்கு, உங்கள் வண்டியில் தனியாகப் போங்கள். அந்த நேரத்துக்கு வரச் சொன்னால் எங்கள் ஏரியா புரோக்கர் எப்போதும் வேறு வேலை இருக்கிறது என்பார். அவர் வீடு அந்தப் பக்கம்.