டெஃப் அளவு சென்சார்: பி.எஸ். 6 லாரியில் பழுதைப் பிரித்தறிந்த அனுபவம்

சரக்கு ஏற்றும் பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட) லாரி ஒன்றைச் சில ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். இஞ்சினும் கியர்பாக்ஸும் இதுவரை குறை வைக்கவில்லை; வண்டியை அடிக்கடி பட்டறைக்கு இழுத்தது டெஃப் (புகையைச் சுத்தம் செய்யும் யூரியாத் திரவம்) தொட்டியின் அளவு சென்சார்தான். டேஷ்போர்டு விளக்கையும் ஸ்கேனர் காட்டும் பழுதுக் குறியீட்டையும் (கோடு) மட்டும் நம்பி இந்தச் சென்சாரை மாற்றிவிடக் கூடாது என்பது என் முடிவு. அது எப்போது, எந்த நிலையில் தவறுகிறது என்று கவனித்தால், கோளாறு சென்சாரிலா ஒயரிங்கிலா என்பதைப் பெரும்பாலும் பிரித்துவிடலாம்.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிகளை நிறைவேற்றக் கனரக டீசல் வண்டிகளில் எஸ்சிஆர் என்ற புகைச் சுத்திகரிப்பு அமைப்பு பரவலாகப் பொருத்தப்பட்டது. 32.5 சதவீதம் யூரியாவும் மீதி அயனி நீக்கிய நீரும் கொண்ட டெஃப் திரவம், சூடான புகையில் தெளிக்கப்பட்டு அம்மோனியாவாகி, நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுகிறது. இதை ஊற்றாமலே யாரும் ஓட்டிவிடக் கூடாது என்பதற்காக, பி.எஸ். 6-க்கு முன்மாதிரியான யூரோ 6 விதிகள் கட்டுப்பாட்டைப் படிப்படியாக இறுக்குகின்றன: தொட்டியில் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் எச்சரிக்கை, 2.5 சதவீதத்துக்குக் கீழே போனால் இஞ்சின் முறுக்குவிசையில் 25 சதவீதக் குறைப்பு, காலியானால் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போகாத ஊர்தல் நிலை. சென்சார் தகவல் தராவிட்டால் தொட்டி நிறைந்திருப்பதை இசிஎம் (இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) அறிய வழியில்லை. கழுத்து வரை டெஃப் இருந்தாலும், சுமை ஏற்றிய வண்டி மேட்டில் மூச்சு வாங்கும்.

என் வண்டியில் முதலில் வந்த அறிகுறி வெப்பத்தோடு தொடர்புடையது. காலையில் சரியாகக் காட்டும் அளவு, வெயிலேறி வண்டியும் சூடான பிறகு பூஜ்யத்துக்கு விழும்; ஆறவிட்டுக் கிளப்பினால் திரும்பி வரும். ஸ்கேனரில் எஸ்பிஎன் (எதில் பழுது) 1761, எஃப்எம்ஐ (என்ன வகைப் பழுது) 3 என்று வந்தது. முதல் எண் டெஃப் அளவையும், இரண்டாவது எண் சிக்னல் வோல்டேஜ் இருக்க வேண்டியதை விட உயர்ந்திருப்பதையும் குறிக்கும். எஃப்எம்ஐ 4 என்றால் வோல்டேஜ் தாழ்ந்திருக்கிறது, 2 என்றால் அளவு தாறுமாறாக வருகிறது, 9 என்றால் கேன் (வண்டியின் கணினிகளை இணைக்கும் தகவல் ஒயர்கள்) வழியாக வர வேண்டிய தகவல் உரிய இடைவெளியில் வரவில்லை. சர்வீஸ் சென்டரில் அந்தக் குறியீட்டைப் பார்த்தவுடன் ஹெட்டர் யூனிட் (சென்சார்கள் பொருத்திய, தொட்டிக்குள் இறங்கும் தொகுப்பு) முழுவதையும் மாற்றச் சொன்னார்கள். ஆனால் அதே நேரத்தில் எஸ்பிஎன் 3031, அதாவது டெஃப் வெப்பநிலைக்கான கோடும் பதிவாகியிருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. இரண்டு சென்சார்கள் ஒரே நொடியில் கெடுவது அரிது. இரண்டுக்கும் பொதுவான எர்த் ஒயர் விட்டுப்போவது எளிது.

என் வண்டியில் இருப்பது மிதவை வகை. தண்டுக்குள் வரிசையாக ரீட் சுவிட்சுகளும் (காந்தம் அருகே வந்தால் இயங்குபவை) ரெசிஸ்டர்களும் இருக்க, காந்தம் பொதிந்த மிதவை ஏறி இறங்கும்போது ரெசிஸ்டன்ஸ் படிப்படியாக மாறும். இந்த வகைக்கு ஒரு நல்ல சோதனை உண்டு. இக்னிஷனை அணைத்துக் கனெக்டரைக் கழற்றிவிட்டு, கழற்றிய நிலையிலேயே இக்னிஷனை மீண்டும் போட்டால் எஃப்எம்ஐ 3 வர வேண்டும். ஒயரிங் படத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, ஒயர் பக்கத்தில் சிக்னல் பின்னையும் எர்த் பின்னையும் இணைத்தால் அது 4 ஆக மாற வேண்டும். அப்படி மாறினால் இசிஎம்மும் அதுவரையிலான ஒயரும் நலம், பழுது சென்சார் பக்கம். என் வண்டியில் மாறவில்லை. கனெக்டருக்குள் வெள்ளைப் பொடி படிந்து, எர்த் பின் பச்சை பூத்திருந்தது. டெஃப் மெல்ல ஊர்ந்து, ஒயரின் உறைக்குள் செம்பு இழைகள் வழியாகவும் ஏறிப் போகும் திரவம். அதனால் பின்னை மட்டும் துடைக்காமல், ஒயரை நல்ல செம்பு தெரியும் இடம் வரை வெட்டிப் புதிய பின்களும் சீலும் போட்டோம். இரண்டு கோடுகளும் மறைந்தன.

(ஒலி அலைகளால் அளவிடும் மீயொலி வகை சென்சார் உள்ள வண்டிகளில் மேற்சொன்ன சோதனை செல்லாது. அது அளவை கேன் வழியாக அனுப்புவதால் சப்ளை, எர்த், கேன் ஒயர்கள் இவற்றைத்தான் பார்க்க வேண்டும். பேட்டரியைக் கழற்றியபின் இரண்டு கேன் ஒயர்களுக்கிடையே சுமார் 60 ஓம் காட்ட வேண்டும்.)

பல மாதங்களுக்குப் பிறகு எஃப்எம்ஐ 3 மட்டும் திரும்பி வந்தது. இம்முறை வெப்பத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. தொட்டி பாதிக்கு அருகில் இறங்கும்போது வந்து, இன்னும் கொஞ்சம் குறைந்ததும் போய்விடும். பழுது குறிப்பிட்ட உயரத்தோடு ஒட்டியிருந்ததால் இம்முறை சென்சாரையே சந்தேகிக்க நியாயம் இருந்தது. ஹெட்டரைக் கழற்றி, படிந்திருந்த யூரியாப் படிகங்களை வெதுவெதுப்பான தூய நீரில் கரைத்துவிட்டு (சோப்பு, டீசல், பெட்ரோல் எதுவும் ஆகாது), மல்டிமீட்டரை இணைத்து மிதவையைக் கையால் மெதுவாக உயர்த்தினோம். ஒவ்வொரு படியாக மாறிவந்த ரெசிஸ்டன்ஸ் ஓரிடத்தில் முற்றிலும் அறுந்து, அதைத் தாண்டியதும் திரும்பி வந்தது. அங்கிருந்த ரீட் சுவிட்ச் போய்விட்டது. சென்சார் தனியாகக் கிடைக்காததால் யூனிட்டாகவே வாங்க நேர்ந்தது. இந்தச் சிறு பாகத்துக்காக இவ்வளவு விலை கொடுக்க வைப்பது வடிவமைப்பின் குறை என்றே நினைக்கிறேன்.

புதியதைப் பொருத்தியபின் ஸ்கேனரில் டெஃப் வெப்பநிலையையும் பார்த்தது பயன் தந்தது. இரவெல்லாம் நின்ற வண்டியில் அது வெளிக்காற்றின் வெப்பநிலையை ஒட்டிச் சரியாக இருந்தது. ஓட்டத் தொடங்கினால் மட்டும் காரணமின்றி ஏறிக்கொண்டே போனது. டெஃப் மைனஸ் 11 டிகிரியில் உறைந்துவிடும் என்பதால், குளிர் நாடுகளுக்காகத் தொட்டிக்குள் இஞ்சின் கூலன்ட் ஓடும் குழாய் வைத்திருக்கிறார்கள். அதன் வால்வு நம் ஊர் வெயிலில் மூடியே இருக்க வேண்டும்; என் வண்டியில் அது திறந்தபடி சிக்கியிருந்தது. இந்தச் சூடு சென்சாரின் ஆயுளையும் திரவத்தின் தரத்தையும் சேர்த்தே கெடுக்கும். வால்வை மாற்றாமல் விட்டிருந்தால் புதிய சென்சாரும் விரைவில் கெட்டிருக்கும் என்று கருதுகிறேன்.

சென்சாருக்குப் பதிலாகப் பொய்யான அளவைக் காட்டும் எமுலேட்டர் பெட்டியை இடையில் ஒருவர் பரிந்துரைத்தார். அது சட்டத்துக்குப் புறம்பானது. உண்மையான அளவும் நம் கண்ணுக்குத் தெரியாமல் போகும். உரக்கடை யூரியாவைக் கரைத்து ஊற்றுவதும் இதே வகைதான்: அதிலுள்ள அசுத்தங்கள் டெஃப் தெளிக்கும் இஞ்செக்டரை அடைத்து, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட்டைக் கெடுக்கும்.

இப்போது அளவு சீராகக் காட்டுகிறது. டெஃப் நிரப்பிய உடனே முள் ஏறுவதில்லை, சற்றுத் தூரம் ஓடிய பின்பே ஏறுகிறது. திரவம் குலுங்குவதால் முள் ஆடாதிருக்க இசிஎம் அளவைச் சராசரியாக்குவதால் இப்படி நடக்கிறது, இதைப் பழுது என்று எண்ணிப் பட்டறைக்குப் போக வேண்டியதில்லை.