1599 எனச் சொல்லி விற்கப்படும் சட்டமிட்ட முகப்புப் பக்கங்கள்: வாங்குவோர் கவனத்துக்கு

தொடக்ககால ஆங்கில அச்சு நூல்களின் முகப்புப் பக்கங்களையும் உதிரித் தாள்களையும் சேகரிக்கும் நண்பர்கள், கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துப் பின்புறம் ஒட்டி மூடப்பட்ட தாள் எதையும், வெளியே எடுத்து இருபுறமும் பார்க்காமல் வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். அண்மையில் ஓர் இணைய ஏலத்தில், '1599இல் லண்டனில் அச்சான ஜெனீவா வேதாகமத்தின் (16ஆம் நூற்றாண்டில் ஜெனீவாவில் உருவான ஆங்கில பைபிள் மொழிபெயர்ப்பு) அசல் முகப்புப் பக்கம்' என்ற விவரத்துடன் இங்கிலாந்து விற்பனையாளர் ஒருவர் 240 பவுண்டுக்கு எனக்கு விற்றது, பிற்காலத்தில் கல்லச்சில், அதாவது எழுத்தை அழுத்திப் பதிக்காமல் சமதளக் கல்லிலிருந்து மையை மட்டும் ஒற்றும் முறையில், எடுக்கப்பட்ட நகல்.

பார்வைக்கு அது மிக நேர்த்தியாக இருந்தது. இட ஓரத்தில் இஸ்ரவேலின் பன்னிரு கோத்திரங்களின் கூடாரங்களும் வல ஓரத்தில் பன்னிரு அப்போஸ்தலரும் நிற்கும் அந்தப் புகழ்பெற்ற மரச்செதுக்குக் கரை, பழுப்பேறிய தாள், ஓரங்களில் லேசான கறை, கூடவே விற்பனையாளர் தாமே அச்சிட்டுக் கையொப்பமிட்ட 'அசல் சான்றிதழ்' என எல்லாமே இருந்தன. விளம்பரப் படங்கள் அனைத்தும் கண்ணாடிக்கு மேலிருந்து எடுக்கப்பட்டவை. தாளின் பின்பக்கத்தைக் காட்டும் படம் ஒன்றுகூட இல்லை.

சட்டத்தைப் பிரித்து, காகிதப் பாதுகாப்பில் அனுபவமுள்ள ஒருவரிடம் தாளைக் காட்டினேன். தாள் உண்மையிலேயே பழையது என்று அவர் சொன்னார். ஏமாற்றின் நுணுக்கமே அதில்தான் இருக்கிறது. கையால் செய்த பழைய காகிதத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், காகிதம் வார்த்த சல்லடையின் கம்பிகள் விட்ட நெருக்கமான கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே ஏறக்குறைய இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளியில் ஓடும் சங்கிலிக் கோடுகளும் தெரியும். முழுத் தாளை ஒருமுறை மடித்தால் ஃபோலியோ. அதில் சங்கிலிக் கோடுகள் மேலிருந்து கீழாக ஓடும், நீர்க்குறி (காகிதம் செய்தவர் தாளுக்குள் பதித்த அடையாளம்) ஓர் ஏட்டின் நடுவில் விழும். இருமுறை மடித்தால் குவார்ட்டோ. அதில் கோடுகள் படுக்கையாக ஓடும், நீர்க்குறியோ முதுகு மடிப்பில் இரண்டாகப் பிரிந்து கிடக்கும். எனக்கு வந்த தாள் குவார்ட்டோ பதிப்பின் முகப்பு என்றே விற்கப்பட்டது. ஆனால் அதன் சங்கிலிக் கோடுகள் செங்குத்தாக ஓடின, நீர்க்குறி பக்கத்தின் நடுவில் முழுதாக நின்றது. ஏதோ ஒரு பழைய ஃபோலியோ நூலின் முன்னோ பின்னோ இருந்த வெற்றுத் தாளை வெட்டியெடுத்து, அதன்மேல் அச்சடித்திருக்கிறார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

அச்சைப் பார்த்தபோது இருந்த கொஞ்ச ஐயமும் நீங்கிவிட்டது. ஈய எழுத்தும் மரக்கட்டையும் ஈரத் தாளில் அழுந்திப் பதியும். பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தால் அந்தப் பள்ளம் தெரியும், பின்பக்கம் விரலுக்கு மேடாகத் தட்டுப்படும், எழுத்தின் விளிம்பில் மை ஒதுங்கிச் சற்றுக் கனத்திருக்கும். இந்தத் தாளிலோ மை எங்கும் ஒரே சீராகப் படர்ந்திருந்தது, பின்பக்கம் வழவழப்பாக இருந்தது. இவற்றையெல்லாம் விடத் தெளிவான சான்று இடப்பக்கக் கீழ்மூலையில் கிடைத்தது. அங்கே கூடார வரிசைக்குக் குறுக்கே, பழைய மடிப்பு போல ஒரு மெல்லிய கோடு போகிறது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால், அது மடிப்பே அல்ல, மையால் அச்சான கோடு. அந்த இடத்தில் தாளில் சுருக்கமே கிடையாது. படமெடுக்கப்பட்ட மூலப் பிரதியில் இருந்த மடிப்பு, நகலில் கோடாக இறங்கியிருக்கிறது.

தாள் அசலாகவே இருந்திருந்தாலும் விற்பனையாளரின் விவரம் அப்படியே நின்றிருக்காது. 1599 என்ற ஆண்டைத் தாங்கிய ஜெனீவா வேதாகமப் பதிப்புகள் பல உள்ளன. லண்டன் அச்சகத்தின் பெயரையும் அதே ஆண்டையும் போட்டுக்கொண்டு பின்னாளில் ஹாலந்தில் அச்சானவையும் அவற்றுள் அடங்கும். எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் ஆண்டை மட்டும் உரக்கச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

நகல் எடுப்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. 19ஆம் நூற்றாண்டில், குறைபட்ட பிரதிகளை நிறைவுசெய்ய நகல் தாள்கள் நேர்மையாகவே செய்யப்பட்டன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக ஜான் ஹாரிஸ் கையால் வரைந்த தாள்கள் அசலிலிருந்து பிரித்தறிய முடியாதபடி இருந்ததால், அவற்றில் கையொப்பமிடும்படி அவரிடமே கேட்டுக்கொண்டார்கள். நல்ல பழம்புத்தக வணிகர்கள் இன்றும் 'முகப்பு நகல்' என்று பட்டியலில் தெளிவாக எழுதுகிறார்கள். அந்த ஒரு சொல்லை மறைத்து விற்பதுதான் மோசடி.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, சட்டத்தின் பின்புற ஒட்டுத்தாள் கிழிந்துவிட்டதால் பொருளைத் திரும்பப் பெற இயலாது என்று விற்பனையாளர் பதில் எழுதினார். ஒட்டுத்தாளைக் கிழிக்காமல் தாளைப் பார்க்க வழியில்லை. பார்த்துவிட்டாலோ திருப்பித் தர உரிமையில்லை. இது தற்செயலாக அமைந்த நிபந்தனை என்று நான் நம்பவில்லை. தாளும் பழையது, அச்சும் நூறாண்டைத் தாண்டியிருக்கலாம், ஆகவே 'அசல் பழம்பொருள்' என்பதில் பொய் இல்லை என்றும் வாதாடினார். ஏல நிறுவனமும் அதை ஏற்றுக்கொண்டு என் புகாரை முடித்துவிட்டது. சில வாரங்களில் அதே விற்பனையாளர் இன்னொரு முகப்பை விற்பனைக்கு வைத்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: அதே கூடார வரிசை, அதே இடம், அதே கோடு. தனித்தனி நூல்களிலிருந்து வந்த இரு தாள்களில் ஒரே மடிப்பு விழ முடியாது.

எனக்கு நேர்ந்த இழப்பு சிறிது. இத்துறைக்கு நேரும் கேடு பெரிது. செருப்புத் தைப்பவராக இருந்து புத்தக வணிகத்துக்கு வந்த ஜான் பேக்ஃபோர்டு சேர்த்த முகப்புப் பக்கங்களும் துண்டுகளும் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் அச்சு வரலாற்றுக்குச் சான்றாக இருக்கின்றன. நூல்களைக் கிழித்தவர் என்ற பழி அவர்மேல் எவ்வளவு நியாயம் என்பதில் கருத்து வேறுபாடு இருந்தாலும், அவர் சேர்த்தவற்றின் பயனை மறுப்பாரில்லை. இங்கிலாந்தின் முதல் அச்சாளர் வில்லியம் காக்ஸ்டன் அச்சிட்ட நூல் ஒன்று செயிண்ட் ஆல்பன்ஸ் பள்ளியில் சிதைந்து கிடந்தது; அதன் அட்டைக்குள்ளிருந்து, காக்ஸ்டனை ஆராய்ந்த வில்லியம் பிளேட்ஸ் 56 அரைத்தாள்களைப் பிரித்தெடுத்தார். அதுவரை யாரும் அறியாத மூன்று காக்ஸ்டன் அச்சுகள் அவற்றால் தெரியவந்தன. ஒரு துண்டுத் தாள் இத்தகைய சாட்சியாக இருக்க முடியும்போது, பொய்த் தாள்களைச் சந்தையில் கலப்பது அந்தச் சாட்சியையே கெடுப்பதாகும்.

வாங்குமுன் விற்பனையாளரிடம் சட்டமில்லாத படங்களைக் கேளுங்கள்: முன்பக்கம், பின்பக்கம், வெளிச்சத்துக்கு நேரே பிடித்த தோற்றம், பக்கவாட்டு ஒளியில் ஒரு படம். எந்தப் பதிப்பு, தாள் எந்த நூலிலிருந்து எப்போது பிரிந்தது என்பதை எழுத்தில் பெறுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். இந்தக் கூடாரக் கரையுடன் சட்டமிட்ட முகப்பை ஏற்கெனவே வாங்கியவர்கள், இடப்பக்கக் கீழ்மூலையை லென்ஸில் பாருங்கள்; கோடு மையால் ஆனதாக இருந்தால், சட்டத்தைப் பிரிக்குமுன் அதைப் படமெடுத்து, ஏல நிறுவனத்தோடு நில்லாமல் உங்கள் வங்கி அட்டை நிறுவனத்திடமும் உரிய கெடுவுக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள்.